முதலில் மரத்தைத் தேர்ந்தெடு, பிறகு ஆய்வகத்தை

கேள்வி: கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வன மரபியல் ஆராய்ச்சிக்குப் போக ஆசை. "காட்டு வேலை பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு? பி.எட். முடிச்சுட்டு டீச்சராப் போ" என்கிறார் அம்மா. அப்பா தவில்காரர். கச்சேரி இருந்தால்தான் வருமானம், ஏழெட்டு வருடம் என்னை உட்கார வைத்துப் படிக்கவைக்க அவரால் முடியாது. வனவியல் படிக்காமல் தாவரவியல் படித்தது தப்பா? இப்போது எல்லாமே டி.என்.ஏ., கம்ப்யூட்டர் என்கிறார்களே, காட்டுக்குப் போகும் வேலை இன்னும் இருக்கிறதா? சின்ன வயதிலிருந்து நாகஸ்வரம் கற்றுவருகிறேன். இந்த வேலைக்கு வந்தால் அதை மூட்டைகட்டி வைக்க வேண்டியதுதானா? உங்களைப் போன்றவர்களுக்கு வேலையைத் தவிர வேறு ஏதாவது உண்டா?

பதில்:

கண்ணு, உன் வயதில் எனக்கு மகள் இருக்கிறாள். உனக்கு 'நீங்கள்' போட்டு எழுத வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. கோவையில் மர இனப்பெருக்க ஆராய்ச்சியில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். இப்போது ஓய்வுபெறப்போகும் வயது. இளங்கலையில் நான் படித்ததும் தாவரவியல்தான். அதனால் உன் முதல் கேள்வியை ஒரே வரியில் முடித்துவிடலாம்: தப்பே இல்லை.

மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் நாலு வருடம் வனவியல் படித்தவர்களுக்கு நாற்றங்கால், மர அளவியல், காட்டு மேலாண்மை எல்லாம் கைப்பழக்கமாகியிருக்கும். நீ அவற்றைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். வகைப்பாட்டியலும் உள்ளமைப்பியலும் உனக்கு ஏற்கெனவே தெரியும், அவர்களில் பலர் அங்கேதான் தடுமாறுவார்கள். வேளாண் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. வனவியலுக்குப் பெரும்பாலும் வனவியல், வேளாண்மை போன்ற இளங்கலையைத்தான் கேட்பார்கள். டேராடூனில் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் அப்படியல்ல. தாவரவியல், விலங்கியல், வேதியியல் மாதிரி அறிவியல் பட்டம் இருந்தால் எம்.எஸ்சி. வனவியலுக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். இங்கேயே தாவரவியலிலோ உயிரித் தொழில்நுட்பத்திலோ முதுகலை முடித்துவிட்டு, பி.எச்டி.யில் மரத்துக்கு மாறுகிறவர்களும் நிறைய. நான் அந்த வழியாக வந்தவள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் உன் அம்மா மனதில் இருப்பது இதுவாகத்தான் இருக்கும். ஃபாரஸ்ட் ஆபீசர் வேறு, நாங்கள் வேறு. இந்திய வனப் பணி (ஐ.எஃப்.எஸ்.) அதிகாரியாக யு.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும். ரேஞ்சர் வேலைக்கு மாநிலத் தேர்வு. அவர்கள் கையில் காடும் சட்டமும் துப்பாக்கியும் இருக்கும். எங்கள் கையில் டேப்பும் பெயின்ட் டப்பாவும் நோட்டும். மத்திய அரசின் இந்திய வனவியல் ஆராய்ச்சி மற்றும் கல்விக் குழுமத்தின்கீழ் டேராடூன், ஜோத்பூர், ஜோர்ஹாட், ராஞ்சி, ஜபல்பூர், சிம்லா, பெங்களூரு, ஹைதராபாத் என்று நிறுவனங்கள் இருக்கின்றன. கோவை ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனமும் அவற்றில் ஒன்று, 1988-ல் தொடங்கியது. இந்த ஊர்ப் பெயர்களை அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடு. வேலை கிடைத்தால் கோவைதான் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

இனி பணம். இதில் பூசி மெழுகக் கூடாது. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் உயிர் அறிவியல் பாடத்தில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை எடுத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதற்குப் பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பி.எச்டி. முடித்து 'சயின்டிஸ்ட்-பி' பதவிக்கு வந்தால் அடிப்படைச் சம்பளமே 56,100-ல் தொடங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பதவிக்கான அறிவிப்பு வருடாவருடம் வராது. வந்தாலும் உன் பாடத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இடம். நடுவில் பலரும் ப்ராஜெக்ட் ஃபெல்லோவாக ஒரு திட்டம் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை காத்திருந்தே முப்பதைத் தாண்டிவிடுகிறார்கள். அப்பா கச்சேரிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்கிற வீட்டுப் பிள்ளைக்கு நான் சொல்வது இதுதான்: ஃபெல்லோஷிப் கையில் இல்லாமல் பி.எச்டி.யில் சேராதே. 'முதல்ல சேரும்மா, ஃபெல்லோஷிப் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று எந்தப் பேராசிரியர் சொன்னாலும் சேராதே. நெட் வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டிலிருந்து எழுது. இரண்டு மூன்று முறை எழுதியும் வரவில்லை என்றால் பி.எட். சேர்ந்துகொள், அதில் கேவலம் ஒன்றுமில்லை.

அரசு வேலை மட்டும்தான் என்றும் நினைக்காதே. காகித ஆலைகளுக்கு மரம் வேண்டும். கரூர் பக்கத்து டி.என்.பி.எல்., பள்ளிபாளையம் சேஷசாயி, தெலங்கானாவில் பத்ராசலத்துப் பக்கம் ஐ.டி.சி. எல்லாரும் குளோன் நாற்றங்கால், அதாவது தேர்ந்த மரத்தின் துண்டிலிருந்து அச்சு அசலாக அதே மரத்தை வளர்த்தெடுக்கும் நாற்றங்கால், நடத்துகிறார்கள். ஐ.டி.சி. தைல மரத்தில் குளோன் வேலையைத் தொடங்கியது 1989-ல். விதைக் கம்பெனிகளும் டி.என்.ஏ. அடையாளம் பார்க்கும் மார்க்கர் வேலை தெரிந்தவர்களை எடுத்துக்கொள்கின்றன. மரத்தை விட்டு மிளகாய்க்கும் தக்காளிக்கும் போனவர்கள் என் மாணவர்களிலேயே உண்டு, நன்றாகவே இருக்கிறார்கள்.

இப்போது நீ கேட்காத கேள்விக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் நீ முதலில் கேட்டிருக்க வேண்டியது அதுதான். எந்த மரம்?

எங்களிடம் வரும் பிள்ளைகள் எல்லாரும் "ஜீனோமிக்ஸ் பண்ணணும் மேடம்", "டிஷ்யூ கல்ச்சர் பண்ணணும் மேடம்" என்றுதான் வருவார்கள். மரத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவர் அபூர்வம். கருவி பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறும். நான் கற்றுக்கொண்ட டி.என்.ஏ. முறைகளில் பாதியை இன்றைக்கு யாரும் தொடுவதில்லை. மரம் மாறாது. உன் சம்பளம், உன் பயணம், எந்த மாதத்தில் உனக்கு லீவு கிடைக்கும், ஒரு கேள்விக்கு விடை தெரிய எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் எல்லாவற்றையும் தீர்மானிப்பது நீ எடுத்துக்கொள்ளும் மரம்தான்.

சவுக்கை எடுத்துக்கொள். நட்டு மூன்று நாலு வருடத்தில் விவசாயி வெட்டிவிடுவார். ஆகவே ஒரு குளோன் நல்லதா கெட்டதா என்று நாலு வருடத்தில் தெரிந்துவிடும். என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி சவுக்கோடுதான் போனது. 1990-களில் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற ஆராய்ச்சி அமைப்பின் உதவியோடு பல நாட்டு விதைகளை வரவழைத்து நம் ஊர் மண்ணில் வளர்த்துப் பார்த்தார்கள். நம்மிடம் முன்பே இருந்த கடற்கரைச் சவுக்கு ஒரு பக்கம், இந்தோனேசியாவிலிருந்து வந்த ஜங்குனியானா என்ற சவுக்கு இனம் இன்னொரு பக்கம், இரண்டையும் சேர்த்த கலப்பு ஒரு பக்கம். எது எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. சவுக்கில் நாம் ஊசி இலை என்று நினைப்பது இலையே அல்ல, மெல்லிய கிளை. அதைக் கணுவில் பிடித்து இழுத்தால் டக்கென்று கழன்று வரும். கழன்ற இடத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வட்டமாகப் பல் பல்லாக நிற்கும். அதுதான் இலை. லென்ஸ் வைத்து எண்ணினால் கடற்கரைச் சவுக்கில் பெரும்பாலும் ஏழு எட்டு, ஜங்குனியானாவில் ஒன்பது பத்து. இப்படிப் பல் எண்ணியே கண்ணாடி போட்டவர்கள் நாங்கள்.

சவுக்கில் விடை சீக்கிரம் கிடைக்கும் என்றேன். கேள்வி கேட்க வருகிற விவசாயியும் சீக்கிரம் வருவார். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூர்க் கரையைக் கடந்தபோது சவுக்குத் தோப்புகள் படுத்துவிட்டன. அதுவரை 'எவ்வளவு வேகமா வளரும்' என்று மட்டும் கேட்டவர்கள் அதற்குப் பிறகு 'காத்துக்கு நிக்குமா' என்று கேட்க ஆரம்பித்தார்கள். வேரையும் மரத்தின் நிமிர்வையும் நாங்களும் வேறு கண்ணோடு அளக்க ஆரம்பித்தோம். ஒரு விவசாயி நேரில் வந்து சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. அது பிடிக்காதவர்களுக்குச் சவுக்கு வேண்டாம்.

தேக்கு முழுக்க வேறு உலகம். கேரளாவின் நிலம்பூரில் 1840-களில் கோனோலி என்ற ஆங்கிலேயக் கலெக்டர் காலத்தில், சாத்து மேனனின் மேற்பார்வையில் நட்ட தேக்குகள் இன்னும் நிற்கின்றன. அந்த மரத்தின் முதிர்ச்சியை முழுதாக அளக்க ஓர் ஆளின் ஆயுள் போதாது. இனக்கலப்பு செய்யலாம் என்று போனால் அதுவும் சுலபமில்லை. ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும். ஒவ்வொன்றும் சின்ன வெள்ளைப் பூ, காலையில் விரிந்து அன்றைக்கே உதிர்ந்துவிடும். தன் மகரந்தத்தைத் தானே பெரும்பாலும் ஏற்காது. நூறு பூவுக்கு ஒன்றிரண்டு காய் நின்றால் அதிகம். ஆடி மழையில் ஏணிமேல் நின்று, துணிப்பை கட்டி, இடுக்கியால் மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்து, உச்சிவேளைக்குள் வேறு மரத்து மகரந்தத்தைத் தடவி முடித்துவிட வேண்டும். தேக்கை எடுத்தவர்கள் தங்கள் ஆசிரியர் நட்டதை அளந்து, தாங்கள் நட்டதைத் தங்கள் மாணவர்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த மனசு சிலருக்குத்தான் உண்டு. எனக்கு இல்லை, நான் அவசரக்காரி.

தைல மரம் என்றால் பூச்சியோடு மல்லுக்கட்ட வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் லெப்டோசைப் என்ற குளவி வந்து இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் முடிச்சு முடிச்சாகப் புடைக்க வைத்தது. ஒரே குளோனை ஏக்கர் கணக்கில் நட்டிருந்தவர்கள் ஒரே அடியில் மாட்டிக்கொண்டார்கள். சந்தனம் என்றால் அதற்குத் துணைச்செடி வேண்டும், தன் வேரை இன்னொரு வேரில் செருகி உறிஞ்சும் ஜாதி அது. துவரையும் பொன்னாங்கண்ணியும் பக்கத்தில் வளர்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்ய வேண்டும். இரவில் யார் வெட்டிக்கொண்டு போவார்கள் என்ற கவலையும் கூடவே வரும்.

காட்டுக்குப் போக வேண்டுமா என்று கேட்டாய். வேண்டும். ஆனால் நீ கற்பனை செய்கிற மாதிரி நடுக்காட்டில் கூடாரம் போட்டு வருடக்கணக்காக இருப்பதில்லை. ஒரு சோதனைத் தோட்டத்துக்கு வருடத்தில் சில முறை போவோம். காலையில் போய், ஒவ்வொரு மரத்திலும் மார்பளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில், டேப் சுற்றிச் சுற்றளவை எடுத்து, முந்தைய வருடம் அடித்த பெயின்ட் வளையத்தைப் புதுப்பித்து, நோட்டில் எழுத வேண்டும். ஒருத்தர் சத்தமாகச் சொல்ல, ஒருத்தர் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். பாதி நாள் 'செத்துப்போச்சு', 'காணோம்', 'யானை உடைச்சது' என்றே எழுதிக்கொண்டிருப்போம். நம்பர் குத்தின அலுமினியத் தகட்டை யாரோ பெயர்த்து எடைக்குப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். தகடு போன மரம் எங்களுக்கு இல்லாத மரம். அது எந்தத் தாய்மரத்தின் பிள்ளை என்று தெரியாவிட்டால் எவ்வளவு உயரமாக நின்றாலும் கணக்கில் சேராது. அதனால் தோட்ட வரைபடத்தை மூன்று இடத்தில் வைத்திருப்போம்.

அம்மாவுக்குப் பயம் இருந்தால் அதைச் சிரித்துத் தள்ளாதே. பெண்களுக்குக் கஷ்டம் யானையால் இல்லை. காட்டு பங்களாவில் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது, கழிப்பறையில் தண்ணீர் வராது. நீ சொன்னதைக் காதில் வாங்காமல், கூட வந்த ஆண் உதவியாளரிடம் 'சார், நீங்க என்ன சொல்றீங்க' என்று கேட்கும் ஆள் இருப்பான். முன்பு இதெல்லாம் ரொம்பவே இருந்தது, இப்போது குறைந்திருக்கிறது. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவரிடம் படித்த பெண்களைத் தேடிப் பிடித்து, களத்துக்கு எப்படி அனுப்புவார், யாருடன் அனுப்புவார், என்ன வண்டி என்று வெட்கப்படாமல் கேள். அவருடைய கட்டுரைப் பட்டியலைவிட அந்தப் பதில்தான் உனக்கு முக்கியம்.

அம்மாவிடம் சொல்ல ஒரு பெயரும் தருகிறேன். தலச்சேரியில் 1897-ல் பிறந்த ஜானகி அம்மாள் இதே கோவையில், கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை பார்த்தவர். கரும்பையும் பேய்க்கரும்பு மாதிரிப் புல்லினங்களையும் இனக்கலப்பு செய்து குரோமோசோம் எண்ணியவர். பிறகு இங்கிலாந்து போய், டார்லிங்டன் என்ற மரபியலாளருடன் சேர்ந்து 1945-ல் பயிர்ச் செடிகளின் குரோமோசோம் தொகுப்பு நூலை வெளியிட்டார். அவர் பெயரில் ஒரு மக்னோலியாகூட உண்டு. வயதான காலத்தில் கேரளாவின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காப்பாற்றக் குரல் கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்ற தகவலை மட்டும் உன் அம்மாவிடம் சொல்லாதே, காரியம் கெட்டுவிடும்.

அடுத்து கம்ப்யூட்டர். நீ கேள்விப்பட்டது உண்மைதான். மரங்களில் முதலில் முழு மரபணுத் தொகுதி படிக்கப்பட்டது 2006-ல், ஒரு பாப்லர் மரத்துக்கு. 2014-ல் தைல மரத்துக்கு வந்தது. ஐரோப்பாவின் ஸ்ப்ரூஸ் மரத்தை 2013-ல் படித்துப் பார்த்தால் சுமார் 2,000 கோடி டி.என்.ஏ. எழுத்து, மனிதனுக்கு இருப்பதே 300 கோடிதான். நம் தேக்கின் முதல் வரைவு 2018-ல் கோவையிலிருந்தே வெளியானது. இனி நாற்றுப் பருவத்திலேயே ஓர் இலையைக் கிள்ளி டி.என்.ஏ. பார்த்து, இது வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று கணித்துவிடலாம் என்று வேலை நடக்கிறது. கணிக்கலாம். ஆனால் அந்தக் கணக்குக்குக் கற்றுக்கொடுக்க, ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் ஆயிரக்கணக்கான மரங்களை யாரோ டேப் வைத்து ஒழுங்காக அளந்திருக்க வேண்டும். அளவு பொய்யென்றால் கம்ப்யூட்டர் பொய்யையே வேகமாகச் சொல்லும். என் அனுபவத்தில் நம் நாட்டில் டி.என்.ஏ. படிக்கும் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பத்து வருடம் விடாமல் அளந்த தோட்டங்களுக்குத்தான் பஞ்சம்.

ஆய்வகத்துக்குள்ளும் மரம் தன் குணத்தைக் காட்டும். தேக்கின் கொழுந்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் ரத்தம் மாதிரி சிவக்கும், சின்னப் பிள்ளைகள் விளையாடுவார்கள். அந்த மாதிரி சாயமும் துவர்ப்புப் பொருளும்தான் எங்களுக்கு எமன். இலையை அரைத்து டி.என்.ஏ. எடுக்கப் போனால் குழாயில் இருப்பது வெள்ளை நூலாகத் திரள்வதற்குப் பதில் பழுப்புக் கூழாகிவிடும், அதற்கு மேல் எந்த வேலையும் ஓடாது. பி.வி.பி. என்ற பொடியைப் போட்டு அந்தத் துவர்ப்பை முதலில் பிடித்து இழுக்க வேண்டும். கொழுந்து இலை, விடியற்காலைப் பறிப்பு, பறித்த கையோடு சிலிக்கா ஜெல் பை என்று ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் ஒரு பக்குவம் இருக்கும். சமையல் மாதிரிதான், பக்கத்து வீட்டுக் குறிப்பு நம் அடுப்பில் சரியாக வராது.

டி.என்.ஏ.யைவிட உனக்கு அவசரமாக வேண்டியது புள்ளியியல். தாவரவியல் படித்தவர்கள் தோற்கும் இடம் அது. ஒரு மரம் உயரமாக இருப்பது அதன் பரம்பரையாலா, நின்ற இடத்தின் மண்ணாலா? இந்த ஒரு கேள்வியைப் பிரித்துச் சொல்வதுதான் எங்கள் தொழிலே. காட்டில் அட்டகாசமாக நிற்கும் மரத்தைப் பார்த்து மயங்கி விதை எடுத்து வந்தால், பிள்ளைகள் சுமாராக இருக்கும். பக்கத்தில் ஊற்று இருந்திருக்கும், அவ்வளவுதான். அதனால்தான் தேர்ந்தெடுக்கும் மரத்தை அதே வயதுள்ள அக்கம்பக்க மரங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அதற்குப் பிறகு அதன் பிள்ளைகளைப் பல ஊரில், கலைத்துக் கலைத்து நடுவோம். 'ஆர்' என்ற இலவச மென்பொருளை இந்த விடுமுறையிலேயே தொடங்கு. கல்லூரி லேபில் ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும்.

இனி நாகஸ்வரம். வேறு வாழ்க்கை உண்டா என்று கேட்டாயே, தாராளமாக உண்டு. மரம் மெதுவாக வளர்வதில் எங்களுக்கு ஒரு சௌகரியம், நெல்லுக்காரர்கள் மாதிரி பூக்கும் வாரத்தில் ராத்தூக்கம் கெட்டு ஓட வேண்டியதில்லை (தேக்குக்காரர்களைக் கணக்கில் சேர்க்காதே). நான் விதைகளை மையில் வரைவேன். அதனால் என் ஆராய்ச்சிக்கு லாபம் என்று கதை விட மாட்டேன். வரையப் பிடிக்கும், வரைகிறேன். பழைய வனத்துறை வொர்க்கிங் பிளான்களை, அதாவது காட்டைப் பராமரிக்க எழுதிய திட்ட ஏடுகளை, எடுத்துவைத்துக்கொண்டு நாவல் மாதிரி படிப்பேன். டெஸ்ட் மேட்ச் ஐந்து நாளும் பார்ப்பேன், இருபது ஓவர் ஆட்டம் எனக்கு ஒட்டவில்லை. கூட வேலை பார்த்த ஒருவர் மாரத்தான் ஓடுவார், இன்னொருவர் வார இறுதியில் தவறாமல் சிங்காநல்லூர்க் குளத்தில் பறவை பார்க்கப் போவார். இந்த வேலையில் வருடக்கணக்காக ஒரு விடையும் வராத காலம் வரும். கட்டுரை திரும்பி வரும், தோட்டம் எரிந்துபோகும். அப்போது சாயங்காலம் எடுத்து வாசிக்க ஒன்று இருப்பவர்கள்தான் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று நான் பார்த்த அளவில் சொல்வேன். விடாதே.

உன் விஷயத்தில் இன்னும் ஒரு படி போகலாம். உன் கையில் இருக்கும் நாகஸ்வரம் என்ன மரம்? ஆச்சா. உங்கள் ஊருக்குப் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உனக்கே தெரிந்திருக்கும். அங்கே ஆசாரிகள் பச்சை மரத்தைத் தொட மாட்டார்கள். பல பத்து வருடம் வீட்டுத் தூணாகவும் உத்தரமாகவும் இருந்து ஊறி உலர்ந்த ஆச்சாவைத் தேடி வாங்குவார்கள். பழைய வீடுகள் தீர்ந்துகொண்டே வருகின்றன. சரி, அந்த மரம் காட்டில் எங்கே இருக்கிறது? உங்கள் டெல்டாவில் இல்லை. சேலம், தருமபுரிப் பக்கத்து வறண்ட காடுகளில் இருக்கிறது. இலை இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். காய் தட்டையானது, நுனியில் ஒரே ஒரு விதை, மீதியெல்லாம் காற்றில் பறப்பதற்கான இறக்கை. எல்லா வருடமும் நன்றாகக் காய்க்காது, மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் நல்ல காய்ப்பு. முளைத்த கன்று மேலே வளராமல் முதலில் வேரைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். ஆட்டுக்காரர்கள் தழைக்காகக் கிளையை ஒடிப்பார்கள், நாருக்காகப் பட்டையையும் உரிப்பார்கள்.

இதில் எத்தனை கேள்வி இருக்கிறது பார். துண்டு துண்டாகப் பிரிந்துபோன அந்தக் கூட்டங்களுக்குள் இன்னும் மகரந்தம் போய்வருகிறதா, இல்லை சொந்தத்துக்குள்ளேயே காய்த்துக் காய்த்து மெலிந்து வருகிறதா? ஓயாமல் ஒடித்தே வைத்திருக்கும் மரம் எத்தனை விதை தருகிறது? கட்டையின் அடர்த்தி ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் எவ்வளவு வேறுபடுகிறது? பொதுவாக மரங்களில் வளர்ச்சி வேகத்தைவிட அடர்த்திதான் பெற்றோரிடமிருந்து வலுவாக இறங்கும். அதனால் கடைசிக் கேள்விக்கு நல்ல விடை கிடைக்க வாய்ப்பு அதிகம். நாதம் நல்லா வருவது மரபணுவாலா, உலர்ந்த வயதாலா, ஆசாரியின் கையாலா என்று மட்டும் முதல் திட்டத்திலேயே எழுதிவிடாதே. அது பெரிய கேள்வி, பணம் தருகிறவர்கள் சிரிப்பார்கள். கடைசியில் நீயே அங்கே போய்ச் சேருவாய்.

ஆச்சாவில் விடை சீக்கிரம் கிடைக்காது. அது உனக்குப் பயமாக இருந்தால் அப்பாவின் தவிலைப் பார். பலாக்கட்டையைக் குடைந்து செய்தது. வீணையும் மிருதங்கமும் பலாதான். பலா முழுக்க அயல் மகரந்தத்தை நம்பியிருக்கிற மரம், கொட்டை போட்டு முளைத்த எதுவும் தாயைப் போலவே இருக்காது. பண்ருட்டித் தோப்புகளில் பழத்துக்காக எல்லாரும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், கட்டைக்காகத் தேர்ந்தெடுத்தவர்கள் ரொம்பக் குறைவு. பழத்துக்கு வருகிற நிதி உன் வேலைக்கும் கொஞ்சம் ஒதுங்கும். பிழைப்புக்குப் பலா, ஆசைக்கு ஆச்சா என்று இரண்டையும் வைத்துக்கொண்டாலும் சரிதான்.

பரீட்சை முடிந்ததும் நரசிங்கம்பேட்டைக்குப் போய், பட்டறையில் உதிர்கிற ஆச்சாச் சீவலைக் கேட்டு வாங்கிக்கொள். எந்த ஊர் வீட்டு மரம், எப்போது வாங்கியது என்று ஒவ்வொரு பொட்டலத்திலும் எழுதிவை. பெங்களூருவில் மர அறிவியல் நிறுவனம் இருக்கிறது, கட்டையின் உள்ளமைப்பைப் பார்த்து என்ன மரம் என்று சொல்வார்கள். கோவைக்கு வந்தால் காஸ் வன அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் போகாதே, 1902-லிருந்து சேர்த்த கட்டைகள் அங்கே இருக்கின்றன. ஆச்சாவையும் பலாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எம்.எஸ்சி. எங்கே கிடைத்தது என்று எழுது. டேராடூன் என்றால் கம்பளிச் சட்டையை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். நாகஸ்வரத்தில் வைத்து ஊதும் சீவாளி அங்கே கிடைக்காது, போகும்போதே ஒரு கட்டு எடுத்துவைத்துக்கொள்.